காணாமல் போன செவ்வாய்க்கிழமை: வீட்டோடு இருந்த 63 நாளில் ஒரு சமையலறையின் கதை

வாசலில் அழைப்பு மணி அடித்தபோது காலை பதினொன்று இருக்கும். ஊன்றுகோலைத் தேடி எடுத்து, கதவைத் திறப்பதற்குள் அந்த இளைஞர் மூன்று பைகளையும் படியில் அடுக்கி வைத்துவிட்டார். பால், கீரை, தக்காளி, முட்டை, ரொட்டி. முந்தின நாள்தான் வேறொரு கடைக்குப் போன் செய்து பாலும் கீரையும் வரவழைத்திருந்தேன். எனக்குக் குழப்பம்.

“தம்பி, இதை வியாழக்கிழமைக்கு அல்லவா கேட்டிருந்தோம்?”

“இன்றைக்கு வியாழக்கிழமைதான் அம்மா.”

உள்ளே திரும்பிப் பார்த்தேன். சுவரில் இருந்த நாள்காட்டி செவ்வாய் என்றது. தினமும் தாளைக் கிழித்தது நானும் அக்காவும்தான். செல்போனை எடுத்துப் பார்த்தேன். வியாழன். எங்கள் வீட்டுக்குள் மட்டும் இரண்டு நாள் குறைந்திருந்தது.

வீட்டோடு இருந்தவர்கள் பலர் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த கோழி எத்தனை நாள் பழையது என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை. அது எப்படி நடந்தது, என்ன செய்து சரிசெய்தோம், எது பலிக்கவில்லை என்பதை முடிந்தவரை முழுமையாக எழுதிவைக்கிறேன். நோய், முறிவு, முதுமை, பராமரிப்பு என்று எந்தக் காரணத்தாலாவது வாரக்கணக்கில் வீட்டுக்குள் இருக்க நேர்பவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

கணுக்காலில் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, ஒரு சனிக்கிழமை வீடு திரும்பினேன். அதை முதல் நாளாக வைத்துக்கொள்கிறேன். ஆறு வாரம் கட்டு, அதன்பின் மூன்று வாரம் ஊன்றுகோல் என்று மொத்தம் 63 நாள். வேலைக்கு விடுப்பு. துணைக்கு அக்கா வந்து தங்கினார். அவர் பணி ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் தனியாகத் தெருவில் இறங்கிப் பொருள் சுமக்க முடியாதவர். ஆகவே வீட்டுக்கு வேண்டியது எல்லாம் வாசலுக்கே வந்தது. நாங்கள் இருவரும் வெளியே போகவில்லை.

முதல் பத்து நாள் கிழமை பிசகவில்லை. பார்க்க வருபவர்கள் “ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்” என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதி ஒன்று இருந்தது. இரண்டாம் வாரம் முடியும்போது வருகை நின்றது. அடுத்த பரிசோதனைக்கு நான்கு வாரம் இருந்தது. இடையில் பற்றிக்கொள்ள ஒரு கம்பு கூட இல்லாத வெட்டவெளி.

என்ன நடந்தது

பிற்பாடு, போனில் இருந்த அழைப்புப் பதிவுகளையும் கடை ரசீதுகளையும் வைத்துக்கொண்டு, அக்காவும் நானும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து நாள்களைக் கோத்துப் பார்த்தோம். முதல் நாள் தவறியது 16-ஆம் நாளை ஒட்டி. அது ஒரு ஞாயிறு. ஞாயிறுக்கு உரிய எந்த அடையாளமும் இல்லாமல் அது கழிந்ததால், மறுநாளைத்தான் ஞாயிறு என்று எடுத்துக்கொண்டோம். நாள்காட்டித் தாளையும் அதற்கேற்ப விட்டுவிட்டோம்.

24-ஆம் நாள், உண்மையில் திங்கட்கிழமை, எங்கள் கணக்கில் ஞாயிறு. அன்றுதான் வியாழனுக்கு வேண்டிய பொருள்களைக் கேட்டு வைத்தோம். கோழியை ஃபிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கியதும் அன்றுதான். அக்கா எலும்புத் தேய்மானத்துக்காக ஞாயிறுதோறும் சாப்பிடும் மாத்திரையையும் அன்றே சாப்பிட்டார்.

மறுநாள் நாள் முழுக்க மழை. எனக்கு வலி அதிகம். பகலில் தூங்கினேன். அக்கா இருந்த மிச்சத்தைச் சூடுபடுத்திக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் இருவர் நினைவிலும் இல்லை. அதற்கும் அடுத்த நாள், புதன்கிழமை, எங்களுக்குத் திங்கள் ஆயிற்று. “வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே, அதுவரை பாலுக்கு என்ன செய்வது?” என்று அக்கா கேட்டார். நான் வேறு கடைக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை அதே பாலும் அதே கீரையும் இரண்டாம் முறை வாசலுக்கு வந்தன.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நாள்களில் எல்லாம் என் கையில் செல்போன் இருந்தது. அதன் முகப்பில் தேதியும் கிழமையும் எப்போதும் இருந்தன. அதை ஒரு நாளில் எத்தனையோ முறை பார்த்திருப்பேன். கண் பட்டதே தவிர மனத்தில் தைக்கவில்லை. அந்த எண்ணால் எனக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லாததால் அது வெறும் கோலமாகவே இருந்தது. “போனில்தான் தேதி இருக்கிறதே, எப்படித் தவறும்?” என்று கேட்பவர்கள் இப்படி ஒரு நிலையில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

27-ஆம் நாள்: மேசை மேல் பரப்பியது

வந்த பைகளை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, ஃபிரிட்ஜில் இருந்ததை எல்லாம் எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பினோம். அக்கா எடுத்துத் தர நான் உட்கார்ந்து வரிசைப்படுத்தினேன்.

பால் ஐந்து பாக்கெட். அதில் மூன்றுக்குத் தேதி கடந்துவிட்டது. கீரை மூன்று கட்டு. அடியில் இருந்த கட்டு, பைக்குள்ளேயே கரும்பச்சை நீராகக் கசிந்து, மேலே இருந்ததன் காம்புகளையும் நனைத்திருந்தது. பாதி நறுக்கிய வெங்காயம் இரண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு கிண்ணத்தில். மூடி போட்ட சிறு டப்பாக்கள் ஏழு. ஒவ்வொரு மூடியாகத் திறந்து, “இது எப்போது செய்தது?” என்று நான் கேட்க, அக்கா யோசித்துவிட்டு, “இரண்டு நாள் இருக்குமோ?” என்றார். ஏழு டப்பாவுக்கும் அதே பதில். அந்தப் பதில் பொய்யில்லை. அவருக்கு உண்மையிலேயே எல்லாமே இரண்டு நாளுக்கு முந்தியவைதான்.

கோழிக்கு வந்தோம். நேற்று இறக்கியது என்றேன் நான். முந்தாநாள் என்றார் அக்கா. அதை இறக்கி வைக்கும்போது அவர் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தது அவருக்கு நினைவு வந்தது. அழைப்புப் பதிவைப் பார்த்தோம். திங்கட்கிழமை. மூன்று முழு நாள்.

உறைநிலையிலிருந்து ஃபிரிட்ஜுக்கு இறக்கிய கோழியை ஒன்று அல்லது இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். சமைத்த உணவு 4 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். மோந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியில்லை. கெட்ட வாடையைத் தருகிற கிருமிகள் வேறு, உடம்பைப் படுத்துகிற கிருமிகள் வேறு. லிஸ்டீரியா போன்றவை ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகும், வாடையோ நிறமாற்றமோ காட்டாது. ஆக, மூடிய டப்பாவுக்குள் இருப்பதைப் பற்றி நமக்கு இருக்கும் ஒரே நம்பகமான சாட்சி, அது வைக்கப்பட்ட நாள். அந்தச் சாட்சி எங்களிடம் இல்லை. கோழியையும் ஏழு டப்பாவில் ஐந்தையும் கொட்டினோம். சமைத்ததைக் கொட்டும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவே, சமையல் எண்ணெய் பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை அளவே இருந்தது. உப்பு டப்பா சுரண்டும் நிலை. அரிசி இரண்டு நாளுக்கு வரும். வந்திருந்த மூன்று பைகளிலும் இவை இல்லை.

மிச்சமும் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தது எப்படி

அன்று இரவு எனக்கு உறுத்தியது இதுதான். ஒரு பக்கம் கெட்டுப்போகும் அளவுக்குப் பாலும் கீரையும், மறுபக்கம் உப்புக்குப் பஞ்சம். கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. நாங்கள் இருவரும் ஓயாமல் சமையலறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே காரணத்தின் இரு முனைகள். சீக்கிரம் கெடும் பொருளை வாங்கத் தூண்டுவது கவலை. “பால் எப்போது வாங்கினோம்?” என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாதபோது, கை தானாக இன்னொரு பாக்கெட் கேட்கிறது. மளிகைச் சாமான் அப்படியில்லை. எண்ணெயும் உப்பும் அரிசியும் இத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற பழக்கத்தில் வாங்குபவை. நாள் ஓடியதே தெரியாதவருக்கு அந்த முறை வந்ததும் தெரியாது. ஒரு பக்கம் அடிக்கடி வாங்குகிறோம், மறு பக்கம் வாங்கவே மறக்கிறோம்.

நாள் எப்படித் தவறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு நரம்புக் கொத்து அதை நடத்துகிறது. அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். பகல் வெளிச்சம் அதைத் தினமும் திருத்துகிறது. அது காலையையும் இரவையும் சொல்லும், கிழமையைச் சொல்லாது. நாளுக்குச் சூரியன் உண்டு, மாதத்துக்கு நிலா உண்டு, ஆண்டுக்குப் பருவம் உண்டு. ஏழு நாள் கொண்ட வாரத்துக்கு வானத்தில் எந்த ஆதாரமும் இல்லை. நிலாவின் சுற்று சுமார் 29.5 நாள். அது ஏழால் சரியாக வகுபடுவதில்லை. வாரம் என்பது மனிதர்கள் கூடி ஒப்புக்கொண்ட ஒன்று. ஊர் திறப்பதும் மூடுவதும், அலுவலகம் போவதும் போகாதிருப்பதும், யாரோ வருவதாகச் சொல்வதும்தான் அதை நமக்குத் தினமும் நினைவூட்டுகின்றன. பாலையும் காய்கறியையும் போலவே கிழமையையும் நாம் வெளியிலிருந்துதான் வாங்கி வந்துகொண்டிருந்தோம். வெளியே போவது நின்றதும் முதலில் தீர்ந்துபோனது அதுதான்.

மனிதர்களை வெளியுலகிலிருந்து துண்டித்துச் செய்த சோதனைகள் இதையே காட்டுகின்றன. 1962-இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14 அன்று சோதனை முடிந்தது என்று மேலே இருந்தவர்கள் சொன்னபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாளை அவர் எங்கோ விட்டிருந்தார். 2021-இல் பிரான்ஸின் லோம்ப்ரீவ் குகைக்குள் 15 பேர் 40 நாள் சேர்ந்தே இருந்தார்கள். வெளியே வந்தபோது, தங்கள் மனத்தில் 30 நாள்தான் ஆகியிருந்தது என்றார் குழுத்தலைவர் கிறிஸ்டியன் கிளோ. இரண்டிலும் தவறு ஒரே திசையில்தான். நாள் குறைகிறது. எங்கள் நாள்காட்டியும் பின்தங்கித்தான் நின்றது.

குகை வேண்டியதில்லை, வீடே போதும். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, பிரிட்டனில் 604 பேரிடம் ரூத் ஆக்டன் என்ற உளவியல் ஆய்வாளர் விசாரித்தார். ஐவரில் நால்வருக்கு மேல் காலம் வழக்கம்போல ஓடவில்லை என்றார்கள். சிலருக்கு வேகமாக, சிலருக்கு மெதுவாக. வயது கூடியவர்களுக்கும், மன அழுத்தம் மிகுந்தவர்களுக்கும், செய்ய வேலை குறைவாக இருந்தவர்களுக்கும், பிறரோடு போதிய பேச்சுப் பழக்கம் இல்லை என்று வருந்தியவர்களுக்கும் காலம் மெதுவாக நகர்ந்தது.

எனக்கு மணிகள் நகரவே இல்லை, வாரங்களோ ஓடிவிட்டன. இரண்டும் எப்படிச் சேரும்? கடந்துகொண்டிருக்கும் நேரத்தை நாம் அளப்பது கவனத்தால், கடந்துபோன நேரத்தை அளப்பது நினைவால். வேலையில்லாதவருக்குக் கவனம் முழுவதும் நேரத்தின் மேலேயே இருப்பதால் ஒரு மதியம் நீள்கிறது. அந்த மதியத்தில் நினைவில் நிற்கும்படி எதுவும் நடக்காததால், பின்னால் திரும்பிப் பார்க்கும்போது அது சுருங்கிப்போகிறது. மழைபெய்த அந்தச் செவ்வாய் நடக்கும்போது மிக நீளமாகத்தான் இருந்தது. முடிந்தபின் ஒன்றுமே இல்லை.

முதலில் செய்தது, அது பலிக்காதது

28-ஆம் நாள் பெரிய பட்டியல் ஒன்று எழுதினோம். வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும், அளவும், வாங்கிய தேதியும். இரண்டு பக்கம் வந்தது. பார்க்க நிறைவாக இருந்தது. ஐந்து நாள் கூடத் தாங்கவில்லை. இரண்டு தக்காளி எடுத்தால் பட்டியலில் இரண்டைக் கழிக்க வேண்டும். கையில் ஈரத்தோடு அடுப்புப் பக்கம் நிற்பவர் பேனாவைத் தேடிப் போக மாட்டார். போனில் மணி வைத்தோம். அடித்தது, நிறுத்தினோம். இரண்டாம் நாளிலிருந்து அது என்ன காரணத்துக்காக அடிக்கிறது என்றே கேட்காமல் நிறுத்தினோம்.

இரண்டிலும் குறை ஒன்றுதான் என்று பின்னால் புரிந்தது. இரண்டும் செய்கிற வேலைக்கு வெளியே நின்று நம்மைக் கூப்பிட்டன.

பலித்தது

34-ஆம் நாள், ஒரு வியாழன், பொருள்கள் வந்த பிறகு அக்கா நாள்காட்டியைக் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். “காலையில் பால் பொங்குவதற்குள் தாளைக் கிழித்துவிட வேண்டும். கிழித்தவர் கிழமையை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும்,” என்றார். எனக்கு அது சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டு போலத் தோன்றியது. ஆனால் பால் காய்ச்சுவது எங்கள் வீட்டில் ஒரு நாளும் தவறாத வேலை. அதன் முதுகில் ஏற்றியதால் நாள் கிழிப்பதும் தவறவில்லை. காதில் விழுந்த, வாயால் சொன்ன கிழமை, கண்ணால் பார்த்ததைவிட நன்றாக ஒட்டிக்கொண்டது. சந்தேகம் வந்தால் போனோடு ஒத்துப்பார்க்கவும் ஒரு வேளை கிடைத்தது.

பொருள் கேட்கும் நாளைப் புதன், வரும் நாளை வியாழன் என்று முடிவு செய்தோம். பால் தவிர இடையில் எதையும் வரவழைப்பதில்லை. ஒரு பொருள் இல்லை என்றால் இல்லாமலே சமைப்பது. இது கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. கவலை வந்தபோதெல்லாம் அதற்கு “வியாழன் வரும்” என்று ஒரு பதில் இருந்தது.

ஆனால் எங்களை மீட்டது இவை அல்ல. வந்த காய்களை அவை வாடும் வரிசையில் சமைத்ததுதான். வியாழனும் வெள்ளியும் கீரை. சனி, ஞாயிறு தக்காளி, பீன்ஸ், வெள்ளரி. திங்களும் செவ்வாயும் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். புதனன்று உருளைக்கிழங்கும் முட்டையும் பருப்பும், கூடவே அந்த வாரத்தில் மிஞ்சிய எல்லாமும். வீணாகாமல் இருக்கத்தான் இப்படி வைத்தோம். இரண்டாம் வாரத்தில் வேறொன்று நடந்தது. நாள்களுக்கு முகம் வந்தது. கீரை ஆய்ந்த மணம் இருந்தால் அது வாரத்தின் தொடக்கம். பீட்ரூட் அரிந்து விரல் சிவந்திருந்தால் வியாழன் நெருங்குகிறது. அக்கா ஒருமுறை, “கிழங்குக் கிழமை வந்துவிட்டது, பட்டியல் எழுது,” என்றார். அந்தச் சொல் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த வாரத்தை நாங்கள் காய்கறியிலிருந்து செய்துகொண்டோம் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கீரைக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. முட்டைக்கோஸுக்கு அதைவிட மெதுவான ஒன்று. உருளைக்கு மிக மெதுவான ஒன்று. மனிதர் அலட்சியமாக இருந்தாலும் அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த வரிசையைப் பின்பற்றினால் அதுவே நாளைச் சொல்லும். பொருள் கெட்டுப்போவது எங்களைத் தோற்கடித்த விஷயம். அதையே நாள் எண்ணப் பயன்படுத்திக்கொண்டோம்.

மூடிகளில் ஒட்ட ஒரு காகித டேப்பும் ஒரு மார்க்கர் பேனாவும் ஃபிரிட்ஜின் மேலேயே நூலில் கட்டி வைத்தோம். சமைத்ததை உள்ளே வைக்கும்போது கிழமையை மட்டும் எழுதுவது. தேதி எழுதினால் மனத்தில் கழித்துப் பார்க்க வேண்டும். “சனி” என்று இருந்தால் செவ்வாயோடு முடிந்தது என்று பார்த்ததும் தெரியும். சமைத்த உணவு அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பதில் அக்கா கண்டிப்பாக இருந்தார். மேல்தட்டின் முன்வரிசை, முதலில் தீர வேண்டியவற்றுக்கு. புதிதாக வந்தது எப்போதும் பின்னால்.

மளிகைக்கு ஒரே ஒரு பழக்கம். தீர்ந்ததும் எழுதுவதில்லை, புதிய பாக்கெட்டைப் பிரிக்கும்போதே எழுதுவது. எண்ணெய் பாட்டிலைத் திறந்தால் அடுத்த பாட்டில் பட்டியலில் ஏறிவிட வேண்டும். எஞ்சியிருப்பதை அளக்க வேண்டாம், நாளை எண்ணவும் வேண்டாம்.

பொருள்களை வைக்கும் இடத்தில் சில தவறுகளையும் திருத்தினோம். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் கிடந்தன, பிரித்தோம். சேர்ந்து கிடந்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். உருளையை வெளிச்சம் படாத இடத்துக்கு மாற்றினோம். வெளிச்சத்தில் அது பச்சையாகும். பச்சை படிந்த இடத்தில் சோலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடுவதால் பக்கத்தில் இருக்கும் கீரை விரைவில் மஞ்சளாகும். அவற்றையும் விலக்கினோம். பாக்கெட்டில் இருக்கும் இரண்டு வகைத் தேதிகளையும் நான் அதுவரை ஒன்றாகவே எண்ணியிருந்தேன். “இதற்கு முன் சிறந்தது” என்பது சுவையையும் பதத்தையும் பற்றியது. அது கடந்த பிஸ்கட்டைக் கொட்ட வேண்டியதில்லை. “இதற்குள் பயன்படுத்தவும்” என்பது பாதுகாப்பைப் பற்றியது. அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பலன், இடையில் ஒரு சறுக்கல்

கொட்டுவதை எல்லாம் ஒரு பழைய வாளியில் போட்டு வாரக் கடைசியில் பார்த்தோம். நான்காம் வாரத்தில் வாளி நிறைந்து வழிந்தது. கடைசி மூன்று வாரங்களில் தோலும் காம்பும் போக, சாப்பிடத் தக்கதாக இருந்து வீணானது ஒரு கைப்பிடி அளவைத் தாண்டவில்லை. உலகில் 2022-இல் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. முன்பு அதைப் படித்தபோது வேறு யாரோ வீணாக்குகிறார்கள் என்றே எண்ணியிருந்தேன். எங்கள் வாளியைப் பார்த்தபின் அப்படி எண்ண முடியவில்லை.

44-ஆம் நாளை ஒட்டி மீண்டும் சறுக்கியது. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். அக்கா என் பக்கத்திலேயே இருந்தார். பாலைக் காய்ச்சவில்லை, தாளும் கிழிபடவில்லை. மூன்றாம் நாள் காலை எழுந்தபோது இருவருக்கும் கிழமை தெரியவில்லை. அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தார். “கீரை தீர்ந்துவிட்டது. தக்காளி அப்படியே இருக்கிறது. கடைசியாக மூடியில் எழுதியது வெள்ளி. இன்றைக்குத் திங்களாகத்தான் இருக்க வேண்டும்.” போனை எடுத்துப் பார்த்தேன். திங்கள்.

27-ஆம் நாள் அதே ஃபிரிட்ஜைத் திறந்து எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்காமல் நின்றோம். பதினெட்டு நாள் கழித்து அதுவே எங்களுக்கு நாள் சொன்னது. அந்தக் காலை அக்காவின் குரலில் இருந்த உறுதி எனக்கு இன்னும் கேட்கிறது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அக்காவின் வார மாத்திரை ஒரு நாள் தள்ளிப்போனதால் கேடு ஒன்றும் வரவில்லை. எல்லா மாத்திரையும் அப்படி இல்லை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டியது. அதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. வீட்டோடு இருப்பவர் வாரக் கணக்கில் மருந்து எடுப்பவராக இருந்தால், அந்த ஒன்றை மட்டுமாவது வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவர் போன் செய்து நினைவூட்ட வேண்டும். எங்களுக்கு அக்காவின் மகள் அதைச் செய்தார். உள்ளே இருக்கும் இருவரும் சேர்ந்தே தவறக்கூடும் என்பதுதான் நாங்கள் கண்டது. இருவர் இருந்தால் ஒருவர் மற்றவரைத் திருத்துவார் என்று நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே மாதிரி நாள்களில், இருவரும் ஒரே தவறைத்தான் செய்தோம். ஒருவர் நிச்சயமாகச் சொன்னதை மற்றவர் ஏற்றுக்கொண்டதால் தவறு உறுதிப்பட்டது.

63-ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஊன்றுகோல் இல்லாமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அக்கா ஊருக்குப் போனார். நாள்காட்டி அடுப்புப் பக்கத்து ஆணியிலேயே இருக்கிறது. டேப்பும் மார்க்கரும் நூலில் தொங்குகின்றன.

அவர் போய்ச் சில வாரம் கழித்து ஃபிரீசரின் அடியில் ஒரு டப்பா கிடைத்தது. பருப்புக் குழம்பு. மூடியில் அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் “ஞாயிறு” என்று மட்டும் இருந்தது. எந்த ஞாயிறு என்று மூடி சொல்லவில்லை. ஃபிரிட்ஜுக்குள் நான்கு நாளைத் தாண்டாத உணவுக்குக் கிழமை போதும். மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்கில் இருப்பதற்குப் போதாது. அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உனக்குக் காய்ச்சல் வந்ததற்கு அடுத்த ஞாயிறு. நீ சரியாகச் சாப்பிடவில்லை, மிஞ்சியதை எடுத்து வைத்தேன்,” என்றார். டப்பாவை வெளியே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, ஃபிரீசரில் இருந்த மற்ற இரண்டு மூடிகளிலும் கிழமைக்குக் கீழே தேதியையும் மாதத்தையும் எழுதினேன்.